பாலும் சட்டமும்

தன் தொழுவத்து மாட்டைத் தானே கறந்து தன் பிள்ளைக்குக் கொடுக்கும் தாய்க்கு உணவுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. மாடு தின்னும் புல்லை அவள் அறிவாள்; கறக்கும் கையையும் ஏந்தும் பாத்திரத்தையும் அறிவாள்; பாலிலே தண்ணீர் கலந்ததா என்று எவரையும் கேட்க வேண்டிய நிலை அவளுக்கு இல்லை. பால் விலைப்பண்டமாகி, கறப்பவருக்கும் குடிப்பவருக்கும் இடையே வண்டிக்காரன், தரகன், கம்பனி, கடைக்காரன் என ஒரு நீண்ட வரிசை வந்து நின்ற பின்னரே சட்டத்தின் தேவை பிறந்தது. ஆகவே, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாறு அதிகாரிகளின் வரலாறு மட்டுமன்று. அது உணவு பண்டமாகிய வரலாறு. அப்பண்டத்தை விற்றுச் செழித்தவரும் அதை உண்டு மடிந்தவரும் எதிரெதிர் நின்ற வரலாறு.

ஐக்கிய அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இன்று ஒரு குரல் ஓங்கி ஒலிக்கின்றது. சூடாக்கப்படாத பச்சைப் பாலை விரும்பியவர் விரும்பிய இடத்தில் வாங்கிக் குடிக்க உரிமை வேண்டும். தனிமனிதன் தன் வயிற்றுக்குள் எதை அனுப்புவது என்பதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்பது அக்குரலின் சாரம். இதற்கு மறுமொழியாக அதிகாரிகள் நோய்க் கணக்கை எடுத்துக் காட்டுகின்றனர். ஒரு சாரார் சுதந்திரம் என்கின்றனர். மறு சாரார் சுகாதாரம் என்கின்றனர். இரு சாராரும் பேசாது விடும் பொருள் ஒன்றுண்டு. பாதுகாப்பான பால் யாருக்குக் கிடைத்தது, அதன் செலவை யார் சுமந்தனர், பாலைத் தூய்மை செய்யும் பொறி யார் கையில் இருந்தது என்பதே அது. இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயோர்க் நகரம் விரைந்து பெருத்தது. மேய்ச்சல் நிலங்கள் மறைந்தன. தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. தொழிற்சாலைக்குச் சென்ற தாய்மாரின் குழந்தைகளுக்குப் புட்டிப் பால் தேவையாயிற்று. இத்தேவையைச் சாராய வடிசாலை முதலாளிகள் கண்டுகொண்டனர். தானியத்தை வடித்தபின் எஞ்சும் கொதிகழிவை வாய்க்கால் வழியே பக்கத்துக் கொட்டில்களுக்கு ஓடவிட்டனர். அக்கொட்டில்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் நெருக்கிக் கட்டப்பட்டிருந்தன. வெயிலும் புல்லும் காணாத அம்மாடுகள் அக்கழிவையே தின்று, புண்பட்டு, வால் அழுகி, நிற்க மாட்டாத நிலையிலும் கறக்கப்பட்டன. நீலம் பாய்ந்து தண்ணீராய் இருந்த அந்தப் பாலுக்குச் சுண்ணப் பொடியும் மாவும் வெல்லப் பாகும் சேர்த்து நிறமும் தடிப்பும் ஊட்டினர். பின்னர் அது ‘தூய நாட்டுப்புறப் பால்’ என்று எழுதிய வண்டிகளில் ஏறி ஏழைகளின் தெருக்களுக்குச் சென்றது.

றொபேட் ஹார்ட்லி என்னும் மதுவிலக்குச் சீர்திருத்தவாதி 1842ஆம் ஆண்டிலேயே இதனை விரிவாக எழுதி வெளியிட்டார். எனினும், 1858இல் பிராங் லெஸ்லி என்பவர் நடத்திய படப் பத்திரிகை கொட்டில்களின் காட்சிகளைச் சித்திரங்களாக வெளியிட்ட பின்னரே நகரம் கொதித்தெழுந்தது. விசாரணைக்குச் சென்ற நகரசபை உறுப்பினர்களுட் சிலர் கொட்டில் முதலாளிகளின் பக்கமே நின்றனர். பாலில் ஆபத்தில்லை, கொட்டிலுக்குக் காற்றோட்டம் அமைத்தாற் போதும் என்ற வகையில் அறிக்கை வந்தது. மாநிலச் சட்டசபை அந்தப் பாலைத் தடைசெய்ய 1862 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உணவில் அரசாங்கம் தலையிடலாகாது என்ற வாதம் அன்றும் எழுந்தது. ஆனால் அன்று அதை எழுப்பியவர் குடிப்பவர் அல்லர், விற்பவரே என்பதை நாம் மனத்திற் கொள்ளுதல் நன்று.

கலப்படத்தைக் கண் காணும், நாக்கு அறியும். கண்ணுக்குத் தெரியாத பகைவன் வேறொருவன் இருந்தான். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாச்சர் 1860களில் திராட்சை மதுவை மிதமாகச் சூடாக்கி அது கெடாமற் காக்கும் வழியைக் கண்டார். அதே முறை பின்னர்ப் பாலுக்கும் பயன்பட்டது. பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடம் வைத்திருத்தல், அல்லது 72 பாகையில் 15 செக்கன் சூடாக்கி உடனே குளிரச் செய்தல் என்பன இன்று வழங்கும் பாச்சர் முறையின் இரு வகைகள். இச்சூட்டில் காசநோய்க் கிருமியும் நெருப்புக் காய்ச்சற் கிருமியும் மடிகின்றன. பாலின் சத்தோ பெரிதும் குறைவதில்லை. நோயுற்ற பசு வெளித்தோற்றத்திற் கொழுத்து அழகாக நிற்கலாம்; கறப்பவனும் நல்லவனாக இருக்கலாம்; ஆயினும் பாலில் நஞ்சு இருக்கலாம் என்ற உண்மை மனிதகுலத்துக்குப் புதிதாக இருந்தது. கட்டுரைத் தொடக்கத்திற் சொன்ன தாயின் அறிவு எல்லைக்குட்பட்டதே என்பதை விஞ்ஞானம் உணர்த்திய கட்டம் இது.

இவ்விடத்திற் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பெரிய பால் வியாபாரிகள் இம்முறையை முதலிற் கைக்கொண்டது குழந்தைகளின் உயிரைக் காப்பதற்காக அன்று. சூடாக்கிய பால் விரைவிற் புளிப்பதில்லை. தூரத்திலிருந்து ரயிலில் ஏற்றி வரலாம். விற்காத பாலை மறுநாளும் விற்கலாம். ஆகையால் அவர்கள் வாங்குபவருக்குச் சொல்லாமலே பாலைச் சூடாக்கினர். பல வேளைகளிற் போதிய அளவு சூடாக்கவும் இல்லை. இலாபத்துக்காக நுழைந்த பொறியை மக்களின் உயிர்காக்கும் கருவியாக மாற்றுவதற்கு ஒரு போராட்டம் தேவைப்பட்டது.

1893ஆம் ஆண்டு அப்போராட்டத்தில் முக்கியமானதோர் ஆண்டு. அவ்வாண்டில் இரு வேறு வழிகள் ஒருங்கே திறந்தன. நியூயோர்க்குக்கு அண்மையிலுள்ள நியூஆர்க் நகரில் ஹென்றி கொயிற் என்னும் குழந்தை வைத்தியர், வைத்தியர்களைக் கொண்ட பாற்குழு ஒன்றை அமைத்தார். ஒரு பண்ணையுடன் ஒப்பந்தம் செய்து, மாடுகளையும் கறப்போரையும் பாத்திரங்களையும் இடைவிடாது சோதித்து, சூடாக்காத பாலுக்கு நற்சான்று வழங்கச் செய்தார். இதுவே ‘சான்றுபெற்ற பால்’ எனப்பட்டது. அது நல்ல பாலே. ஆனால் அதன் விலை சாதாரணப் பாலின் விலையைப் போல இரு மடங்கும் அதற்கு மேலும் இருந்தது. அதே ஆண்டில் நியூயோர்க்கின் கிழக்குக் கரையோரத்திலுள்ள ஏழைகளின் குடியிருப்புக்கு அருகே நேதன் ஸ்ட்ரோஸ் என்பவர் பால் நிலையம் ஒன்றைத் திறந்தார். பாச்சர் முறையிற் சூடாக்கிய பாலை அங்கே மலிந்த விலைக்கும், கைப்பொருளற்றவர்க்கு இலவசமாகவும் கொடுத்தார். ஸ்ட்ரோஸ் பாட்டாளி அல்லர். மேசி என்னும் பெருங்கடையின் பங்காளியான வணிகர். எனினும் அவர் கண்ட வழி ஏழையின் கைக்கு எட்டியது.

நகரின் றண்டல் தீவில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான விடுதி ஒன்று இருந்தது. 1897இல் அவ்விடுதிக் குழந்தைகளில் நூற்றுக்கு 44 பேர் இறந்தனர். ஸ்ட்ரோஸ் அங்கே பாச்சர் முறைப் பொறியொன்றை நிறுவினார். அடுத்த ஆண்டில் இறந்தோர் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 20 ஆகக் குறைந்தது. வேறு பெரிய மாற்றமெதுவும் செய்யப்படவில்லை என அவர் வலியுறுத்தினார். அநாதைக் குழந்தைக்குச் சான்றுபெற்ற பால் வாங்கிக் கொடுக்க எவரும் இல்லை. ஒரு பொறியும் 30 நிமிடச் சூடும் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் காவல் பூண்ட பச்சைப் பால். வறியவர் வீட்டுப் பிள்ளைக்குச் சூடாக்கிய பால் அல்லது சாவு. அக்காலச் சமுதாயத்தின் வர்க்கப் பிரிவு பாற் புட்டிக்குள்ளும் தெளிவாகத் தெரிந்தது. நகராட்சி தலையிட்டபோதும் அப்பிரிவு உடனே மறையவில்லை. 1910களின் தொடக்கத்தில் நியூயோர்க் சுகாதாரப் பகுதியினர் பாலை மூன்று தரமாக வகுத்தனர். முதல் தரம் குழந்தைகளுக்கு. இரண்டாந் தரம் வளர்ந்தோருக்கு. மூன்றாந் தரம் சமையலுக்கு. தரத்துக்கேற்ப விலையும் இருந்தது. குழந்தைக்கு எந்தப் பால் வேண்டும் என்று அட்டவணை சொல்லிற்று; எந்தப் பாலை வாங்க முடியும் என்று தகப்பனின் கூலி சொல்லிற்று. விலை பேசும் இடத்திலே அறிவுரைக்கு வலு குறைவு. எல்லாப் பாலையும் பாதுகாப்பானதாக்கும் கட்டாயச் சட்டத்தின் நியாயம் இதிலிருந்தே பிறக்கின்றது.

அத்தகைய சட்டத்தை முதலில் இயற்றிய பெருநகரம் சிக்காகோ. ரியூபர்க்குலின் சோதனையிற் காசநோயற்றவை எனத் தேறிய மாடுகளின் பாலைத் தவிர ஏனைய பால் முழுவதும் பாச்சர் முறைக்கு உட்படுத்தப்பட வேண்டும் என 1908இல் அந்நகரசபை விதித்தது. உடனே மாட்டுப் பண்ணைச் சொந்தக்காரர் திரண்டனர். நகரசபையில் அவர்களுக்கு வலு இல்லை. ஆயின் மாநிலச் சட்டசபையில் இருந்தது. 1911இல் இல்லினோய் மாநிலச் சட்டசபை, எந்த நகரமும் மாடுகளுக்கு ரியூபர்க்குலின் சோதனையைக் கட்டாயமாக்கலாகாது என்று சட்டம் செய்தது. மாட்டை ஆராய்ந்து நோயைக் கண்டுபிடிப்பதே குற்றம் என்பது போன்ற ஒரு சட்டம்! சுதந்திரத்தின் பெயராற் செய்யப்படும் எல்லாச் சட்டமும் மக்களின் சுதந்திரத்தைப் பெருக்குவதில்லை என்பதற்கு இதனினும் தக்க சான்று தேட வேண்டியதில்லை.

எனினும் விவசாயியின் எதிர்ப்பு முழுவதையும் பேராசை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. 1917இல் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து மாட்டுக் காசநோயை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கின. சோதனையில் அகப்பட்ட மாடுகள் கொல்லப்பட்டன; உரியவருக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. ஆனால் அந்நட்டஈடு பல வேளைகளில் மாட்டின் பெறுமதிக்குக் குறைவாகவே இருந்தது. 1931இல், பொருளாதார மந்தம் விவசாயியின் கழுத்தை நெரித்துக் கொண்டிருந்த காலத்தில், அயோவா மாநிலத்திற் குழப்பம் வெடித்தது. தம் மாடுகளை மலிவாக வாங்கி இறைச்சிக் கம்பனிகள் கொழுக்கின்றன என்று விவசாயிகள் குற்றஞ்சாட்டினர். சோதிக்க வந்த மிருக வைத்தியரைத் துரத்தினர். மாநில ஆளுநர் தேசியக் காவற்படையை அனுப்பி, துவக்கு முனையிற் சோதனையை நடத்தி முடித்தார். அமெரிக்க வரலாற்றில் இது ‘மாட்டுப் போர்’ என்றே பெயர் பெற்றது.

அக்குழப்பத்தில் வானொலி மூலம் எண்ணெய் வார்த்தவர் நோர்மன் பேக்கர் என்பவர். மஸ்கற்றீன் என்னும் ஊரில் வானொலி நிலையம் ஒன்றை நடத்திய அவர், புற்றுநோய்க்கு மருந்து கண்டுவிட்டதாக விளம்பரம் செய்து பொருள் ஈட்டியவர். பின்னாளில், 1940இல், மோசடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர். கடனில் மூழ்கிய விவசாயியின் கோபம் நியாயமானது. அந்நியாயமான கோபத்தை விஞ்ஞானத்துக்கு எதிராகத் திருப்பிவிட்டுத் தன் பையை நிரப்பிக் கொள்ளும் போலிகள் எக்காலத்தும் உளர். நட்டஈடு போதாது என்று கேட்க வேண்டியவன் கிருமியே இல்லை என்று கூவும்படி செய்யப்பட்டான்.

இவ்வியக்கம் பெருவெற்றி ஈட்டியது. 1940 வரை சுமார் 23 கோடிச் சோதனைகள் நடத்தப்பட்டன. ஏறத்தாழ 38 இலட்சம் மாடுகள் அழிக்கப்பட்டன. அமெரிக்கப் பாற்பண்ணைகளிற் காசநோய் ஏறக்குறைய மறைந்தது. 1938இல் அந்நாட்டில் உணவாலும் நீராலும் பரவிய நோய்ப் பரவல்களில் நாலில் ஒரு பங்கு பாலினால் வந்தது. பின்னாளில் அது நூற்றில் ஒன்றுக்கும் குறைந்தது. இவ்வெண்களை அலட்சியம் செய்து எழுதப்படும் எந்த வரலாறும் மக்கள் வரலாறு ஆகாது.

ஆனால் வெற்றியின் மறுபுறத்தையும் நாம் பார்த்தல் வேண்டும். பாச்சர் முறைப் பொறி விலையுயர்ந்தது. பத்து மாடு வைத்திருந்தவரும் கைவண்டியிற் பால் விற்றவரும் அதை வாங்க இயலாது. சட்டம் பொறியைக் கட்டாயமாக்கியபோது, பொறியை வாங்கும் வழியையும் அவர்களுக்குக் காட்டவில்லை. ஆகவே சிறு வியாபாரிகள் தொழிலை விட்டனர். பண்ணையாளர் பெரிய கம்பனியின் வாசலிற் பாலை ஊற்றும் நிலை வந்தது. 1930களில் நியூயோர்க் நகரின் பால் வியாபாரத்தில் இரண்டு பெரிய கம்பனிகள் ஆதிக்கம் செலுத்தின. நகரத்துத் தாய் கொடுக்கும் விலைக்கும் கிராமத்து உழைப்பாளி பெறும் விலைக்கும் இடையே பெரும் இடைவெளி தோன்றியது. 1933இல் நியூயோர்க் மாநிலத்து விவசாயிகள் பாலைக் கொடுக்க மறுத்துப் போராடினர். பாதைகளிலே பாலைக் கொட்டினர். பொலிசார் அவர்களைத் தாக்கினர். குழந்தையைக் காத்த அதே சட்டம் பாலைக் கறந்தவனைக் கம்பனியிடம் ஒப்படைத்தது. இது சட்டத்தின் குற்றமா, சட்டம் இயங்கிய சமுதாயத்தின் குற்றமா என்பதே வினா.

இங்கிலாந்தின் வரலாறு இதே வினாவை வேறொரு வகையிற் காட்டுகின்றது. 1901இல் இலண்டனிற் கூடிய காசநோய் மகாநாட்டில், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த மேதையான றொபேட் கொக், மாட்டின் காசநோய் மனிதரை அரிதாகவே தொற்றும் என்றும் அதற்கெதிராக நடவடிக்கை தேவையில்லை என்றும் கூறினார். அவ்வாண்டே அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு பத்தாண்டு ஆராய்ந்து, 1911இல் அவர் கூற்றுத் தவறு என நிறுவியது. மாட்டுப் பால் வழியே தொற்றும் காசநோய் பெரும்பாலும் குழந்தைகளையே பிடித்தது. கழுத்திற் கண்டமாலையாகவும் எலும்பு முடக்கமாகவும் அது வந்தது. 1930களில் அந்நாட்டுப் பாற்பசுக்களில் சுமார் 40 வீதம் இக்கிருமியாற் பீடிக்கப்பட்டிருந்தன. ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் மாட்டுக் காசநோயால் இறந்தனர். உண்மை தெரிந்திருந்தும் சட்டம் வரவில்லை. 1938இல் அரசாங்கம் கொண்டுவந்த மசோதா எதிர்ப்புக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. அதே காலத்தில் இலண்டன் நகரத்துப் பாலிற் பெரும்பகுதியைப் பெரிய கம்பனிகள் தம் வசதிக்காகவே சூடாக்கி விற்றன. நகரத்துக் குழந்தை ஓரளவு தப்பியது. சிற்றூர்க் குழந்தை பச்சைப் பாலைக் குடித்து முடமாகியது. இறுதியில் 1949இல், தொழிற்கட்சி ஆட்சியில், உணவு அமைச்சின் பாராளுமன்றச் செயலாளராக இருந்த வைத்தியர் ஈடித் சமர்ஸ்கில் அம்மையாரின் முயற்சியால் சட்டம் நிறைவேறியது. படிப்படியாகப் பிரதேசம் பிரதேசமாக அது நடைமுறைக்கு வந்தது. மாடுகளைச் சோதிக்கும் பணியும் உடன் நடந்து, 1960இல் நாடு முழுவதும் சோதனைக்குட்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆணைக்குழுவின் முடிவு வெளிவந்து சட்டம் வருவதற்கு 38 ஆண்டுகள் சென்றன. அந்த 38 ஆண்டுகளிற் கூன் விழுந்த குழந்தைகளிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை.

சட்டம் வேண்டும்; ஆனால் சட்டம் சிறு உற்பத்தியாளனைக் கம்பனிக்கு அடிமையாக்கலாகாது. இவ்விரண்டையும் இணைக்க வழி உண்டா? உண்டு என்பதற்கு அன்று பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த இந்தியாவே உதாரணம் தருகின்றது. பம்பாய் நகரத்துக்கு நல்ல பால் வழங்க அந்த மாகாண அரசாங்கம் 1945இல் ஒரு திட்டம் வகுத்தது. குஜராத்தின் கெய்ரா மாவட்டத்திற் பாலைச் சேகரித்து, ஆனந்த் என்னும் ஊரிற் பாச்சர் முறைக்கு உட்படுத்தி, 400 கிலோமீற்றருக்கு மேல் ரயிலிற் கொண்டுவரும் வேலை போல்சன் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. பாலைக் கொள்வனவு செய்யும் ஏகபோகம் கம்பனிக்குக் கிடைத்தது. நகரத்துக்குச் சுகாதாரம், கம்பனிக்கு இலாபம், கறந்தவனுக்கு அதே பழைய அற்ப விலை.

கெய்ரா விவசாயிகள் என் செய்தனர்? பாச்சர் முறை வேண்டாம், பச்சைப் பாலையே நகரத்துக்கு அனுப்புவோம் என்று அவர்கள் சொல்லவில்லை. 1946 ஜனவரியில் சமர்க்கா என்னும் கிராமத்திற் கூடி, கம்பனிக்குப் பால் ஊற்றுவதில்லை என்று தீர்மானித்தனர். 15 நாட்கள் ஒரு துளிப் பாலும் போகவில்லை. பம்பாய்த் திட்டம் ஸ்தம்பித்தது. அரசாங்கம் இறங்கி வந்தது. திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் விவசாயிகள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் அவ்வாண்டு டிசம்பரிற் பதிவு செய்யப்பட்டது. 1948இல் இரண்டு கிராமச் சங்கங்களின் சுமார் 250 லீற்றர் பாலுடன் அது தன் சொந்தப் பாச்சர் முறைப் பணியைத் தொடங்கியது. 1949இல் ஆனந்துக்கு வந்த பொறியியலாளர் வர்கீஸ் குரியன் அதன் தொழில்நுட்பத்தைப் பொறுப்பேற்றார். பின்னர் அமுல் என்ற பெயரில் உலகறிந்த நிறுவனமாக அது வளர்ந்தது.

இச்சங்கத்திற் குறைகள் இல்லாமலில்லை. நிலமுடைய பட்டிதார் குலத்தாரின் கை அங்கே ஓங்கியிருந்தது. நிலமற்ற கூலியாளனுக்குக் கிடைத்த பங்கு சிறிது. ஆயினும் அது நிறுவிய உண்மை பெரிது. பொறி பகை அன்று. பொறியின் உடைமையே பிரச்சினை. ஒரு விவசாயி தனித்து வாங்க முடியாத பொறியைக் கிராமங்கள் கூடி வாங்கலாம். அப்பொழுது சுகாதார விதி சிறியோனின் கழுத்திற் சுருக்காக அமையாது. அவன் கைக்கு ஆயுதமாக அமையும்.

இந்த வரலாற்றின் ஒளியில் இன்றைய விவாதத்தை நோக்குவோம். ஸ்கொத்லாந்து 1983இற் பச்சைப் பால் விற்பனையைத் தடைசெய்தது. கனடா 1991இல் தடைசெய்தது. ஐக்கிய அமெரிக்காவிற் பாவனையாளர் அமைப்பு ஒன்று அரசாங்கத்தின் தாமதத்துக்கெதிராக வழக்குத் தொடுத்து வென்ற பின்னரே, மாநிலம் விட்டு மாநிலம் பச்சைப் பால் விற்பது 1987இல் தடைப்பட்டது. மாநிலத்துக்குள் விற்பது அந்தந்த மாநிலத்தின் விருப்பம். இங்கிலாந்திற் பண்ணையாளர் எச்சரிக்கைச் சீட்டுடன் நேரே விற்கலாம்; கடையில் விற்க இயலாது. இத்தடைகளை அகற்ற வேண்டும் என்போர் பாச்சர் முறை சத்தை அழிக்கின்றது என்றும், பச்சைப் பால் ஒவ்வாமையைத் தடுக்கின்றது என்றும் கூறுகின்றனர். முதற் கூற்றுக்கு ஆதாரம் மிகக் குறைவு. இரண்டாவதில் ஆராய வேண்டிய விடயம் ஒன்றுண்டு. பண்ணைப் பால் குடித்து வளர்ந்த ஐரோப்பியக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு எனச் சில ஆய்வுகள் கண்டன. ஆனால் அவ்வாய்வாளரே, நோய்க்கிருமியின் ஆபத்துக் காரணமாகப் பச்சைப் பாலைப் பரிந்துரைக்க முடியாது எனவும் எழுதினர்.

இன்று பச்சைப் பால் வாங்குவோர் யார்? அமெரிக்க நகரங்களில் அதன் விலை சாதாரணப் பாலின் விலையைப் போல இரு மடங்கும் அதற்கு மேலும் இருக்கின்றது. கொயிற்றின் சான்றுபெற்ற பால் நூறாண்டு கழித்து வேறு வேடத்தில் வந்திருக்கின்றது எனலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அன்று செல்வர் விலை கொடுத்துக் காவலை வாங்கினர். இன்று சிலர் விலை கொடுத்துக் காவலின்மையை வாங்குகின்றனர். குடிப்பதா விடுவதா என்று தீர்மானிப்பவர் தகப்பன் அல்லது தாய். சிறுநீரகம் கெட்டு வைத்தியசாலையிற் கிடப்பது பிள்ளை. தனிமனித சுதந்திரம் என்ற சொல் இவ்விடத்திற் பொருந்துமாறில்லை.

2024 மார்ச்சில் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களின் பாற்பசுக்களிற் பறவைக் காய்ச்சல் வைரசு கண்டறியப்பட்டது. பண்ணையிற் பச்சைப் பால் நக்கிய பூனைகள் மடிந்தன. அவ்வாண்டு நவம்பரில் கலிபோர்னியாவிற் கடைகளில் விற்ற பச்சைப் பாலிலும் வைரசு இருந்தது. பாச்சர் முறை அவ்வைரசைச் செயலிழக்கச் செய்வதும் சோதனைகளில் உறுதியாயிற்று. ஆயினும் பச்சைப் பாலுக்கான பிரசாரம் ஓயவில்லை. அப்பாலை அரசாங்கம் அடக்குகின்றது என்று 2024இற் குற்றஞ்சாட்டிய இளைய ரொபேட் கென்னடி 2025இல் அந்நாட்டின் சுகாதார அமைச்சரானார். இந்நோய் முதலிற் பிடித்த மனிதர் யார் என்பது பத்திரிகைகளிற் சிறிய எழுத்தில் வந்தது. பால் குடிக்கும் உரிமை பேசியோர் அல்லர். பாற்பண்ணைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் கூலிக்கு உழைப்போரே அவர்களிற் பெரும்பாலோர். முகத்திற் பால் தெறிக்க நின்று கறக்கும் அவர்களின் பாதுகாப்பைப் பற்றி உரிமைப் பிரசாரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

நம் வீடுகளிற் பாலைக் காய்ச்சாமற் குடிக்கும் வழக்கம் இல்லை. கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சிய பின்னரே பிள்ளைக்குக் கொடுப்பர். பாச்சர் பிறப்பதற்கு முன்னரே நம் அடுப்படி கண்ட காவல் அது. இத்தாலியிற் பச்சைப் பால் வழங்கும் பொறிகளை வீதியில் நிறுத்தியவர்கள், குழந்தைகள் நோயுற்ற பின், 2008இல் ‘காய்ச்சிய பின்னரே பருகுக’ என்று அவற்றில் எழுதி வைக்குமாறு பணிக்கப்பட்டனர். நம் பாட்டிமார் அதைச் சட்டமின்றியே செய்தனர். ஆனால் இதனைப் பெருமையாகப் பேசி நிறுத்துவது போதாது. அக்காவலுக்கு விறகு வேண்டும், நேரம் வேண்டும், ஒரு பெண்ணின் உழைப்பு வேண்டும். இவை இல்லாத வீட்டில் வழக்கமும் குலையும். வழக்கத்தை நம்பிச் சமுதாயம் தன் கடமையை அடுப்படியில் இறக்கி வைத்துவிட முடியாது. பேணற்பாலைக் காய்ச்சும் அடுப்பு காப்பாற்றும். பாலின் விலையைக் கட்டுப்படுத்த அந்த அடுப்பால் இயலாது.

மாணவரும் ஆசிரியரும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ள வேண்டியது ஒன்றே. உணவு விதி ஒன்று முன்வைக்கப்படும்போது, அது அரசாங்கத்தின் கையை நீட்டுகின்றதா, தனிமனிதனின் உரிமையைக் குறைக்கின்றதா என்று மட்டும் கேட்டல் போதாது. அவ்விதி யாருடைய குழந்தையைக் காக்கின்றது, யாருடைய பிழைப்பைப் பறிக்கின்றது, பறித்த பிழைப்பு யார் கைக்குப் போகின்றது என்று கேட்டல் வேண்டும். குழந்தையைக் காக்கும் விதியைத் தளர்த்துமாறு கேட்பவன் மக்களின் நண்பன் அல்லன். விதியை மட்டும் எழுதிவிட்டுப் பொறியைப் பணக்காரனிடம் விட்டுவிடுபவனும் மக்களின் நண்பன் அல்லன். பத்து மாடு வைத்திருப்பவன் அந்தப் பொறிக்குப் பங்காளியாகவும், பத்து ரூபாய்க் கூலிக்காரன் அந்தப் பாலுக்கு உரியவனாகவும் ஆகும் நாளிலேயே சட்டம் தன் வேலையை முடித்ததாகும்.